முக்கால் டின் அரிசி

சைக்கிளில் மணி இருந்தால் அது வேலைக்குப் போகிற சைக்கிள். மணியைக் கழற்றிவிட்டால் பந்தயச் சைக்கிள். எங்கள் தோட்டத்தில் இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். மணியோடு விளக்கு, மட்கார்டு, கேரியர், பிரேக் எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிட்டு, கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிக்கொள்வார்கள். நிறுத்த வேண்டுமென்றால் குதிகாலைப் பின் சக்கரத்தில் வைத்துத் தேய்க்க வேண்டும். பந்தயம் விடுகிறவனை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். வலது செருப்பின் குதி மட்டும் தேய்ந்து போயிருக்கும்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சைக்கிள் பந்தயம் எப்படி ஆரம்பித்தது என்று எழுதப் போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. யார் என்ன பேசினார்கள் என்பது நிற்கும். அதனால் நான் சொல்வது பேச்சும் பதில் பேச்சுமாகத்தான் இருக்கும்.

பகாவ் டவுனிலிருந்து ஏழாவது மைலில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் அங்கே இரண்டே இரண்டு சைக்கிள்கள். ஒன்று ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாருடையது, இன்னொன்று மருந்துக்காரருடையது. ஒருநாள் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானத்தில், இருவருக்கும் வாய்ச்சண்டை வந்தது.

"உம்ம சைக்கிளும் உம்ம மருந்து மாதிரிதான் ஓய். எப்ப வேல செய்யும்னு சொல்ல முடியாது."

"அப்படியா? அந்தப் பனைமரம் வரைக்கும் வாரும், பாத்துருவோம்."

இரண்டு பேரும் ஓட்டினார்கள். மருந்துக்காரர் கால்வாயில் விழுந்தார். கிராணியார் திரும்பி வந்து அவரைத் தூக்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் முதல் பந்தயம் அதுதான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அப்போது சின்னப் பெண். கை தட்டியவர்களில் ஒருத்தி.

ஜப்பான் சண்டை முடிந்து ஆங்கிலேயர்கள் திரும்பி வந்த பிறகுதான் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பையன்கள் சைக்கிள் வாங்கினார்கள். எல்லாம் பழைய சைக்கிள். பகாவில் மீரா சாஹிப் என்று ஒருவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். தோட்டத்துக்குத் தோட்டம் பந்தயம் என்று முதலில் நடத்தியவர் அவர்தான். கொடி, துப்பாக்கி எதுவும் கிடையாது. தலையில் இருக்கும் தொப்பியை எடுத்துக் கீழே போடுவார். தொப்பி மண்ணில் பட்டதும் கிளம்ப வேண்டும். காற்றடித்துத் தொப்பி பறந்து போய், பாதிப் பேர் கிளம்பி பாதிப் பேர் நின்ற பந்தயமும் உண்டு. பரிசு என்ன என்று கேட்டீர்கள். எனாமல் குவளை, துண்டு, சீட்டித் துணி. டியூபில் ஓட்டை விழுந்தால் மரத்தின் பாலையே தடவி, வெயிலில் காயவைத்து ஒட்டிக்கொள்வார்கள். பால் வெட்டுகிறவனுக்கு அதற்குமா கடைக்குப் போக வேண்டும்?

அமிர்தலிங்கம் ஐம்பத்தொன்றில் ஜெயித்தான், ஐம்பத்திரண்டில் இரண்டு முறை ஜெயித்தான், அதற்குப் பிறகு அவன் பெயரே எங்கும் இல்லை, ஏன் என்று கேட்டீர்கள். அவன் என் தம்பி. அதற்கான பதில் என்னிடம்தான் இருக்கிறது.

நாங்கள் இந்தியாவிலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் வந்தபோது எனக்கு ஐந்து வயது. லிங்கம் பிறந்து நாற்பது நாள். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி கிளம்பும்போது, "மூணே மூணு மாசம் பஞ்சாலை, தம்பியப் பாத்துக்க" என்றார். பஞ்சாலை என்பது நான். அப்பா திரும்பி வரவில்லை. அந்த வருடமே காய்ச்சலில் அம்மாவும் போய்விட்டாள். எனக்குப் பதினான்கு, அவனுக்கு ஒன்பது. மரவள்ளிக் கிழங்கை நான் தோலோடு தின்றுவிட்டு அவனுக்கு உரித்துக் கொடுத்தேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்தவர்களிடம், "தம்பிக்கு யாரு சோறு போடறது?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்கள்.

பிறகு அவசர காலம் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். அரிசி அளவோடுதான் கிடைக்கும். சமைத்ததோ சமைக்காததோ, ஒரு வாய் உணவு கூட கேட்டைத் தாண்டக் கூடாது. பால் வெட்டப் போகிறவர்கள் பசியோடு போய்ப் பசியோடு வர வேண்டும். கேட்டில் ஆண்களைச் சோதிக்க ஜாகாக்கள் என்கிற காவல்காரர்கள் இருந்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் தேவைப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் என்னை வைத்தார்கள். சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை கொடுத்தார்கள்.

பெண்கள் என்னைத் திட்டவில்லை. கேலி செய்தார்கள்.

"ஏண்டி பஞ்சாலை, சோதிக்கிறியா கிச்சுக்கிச்சு மூட்டுறியா?"

"கையத் தூக்கு செல்லக்கா."

"தூக்கினா சீல அவுந்துரும். அவுந்தா உன் ஜாகாவத்தான் கண்ண மூடிக்கச் சொல்லணும்."

அந்தச் செல்லத்தின் கொண்டைக்குள் ஒரு நாள் அரிசி இருந்தது. அரிசி அளக்கிற கெட்டிப்பால் டின்னில் ஒன்று கூட வராது. காவலுக்குப் பொறுப்பாக இருந்த சார்ஜண்ட் அதை வாங்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளுக்குக் கொட்டினார். "இனிமே பண்ணாதே" என்று மலாயில் அதட்டி அன்றைக்கு அவளை வேலைக்குப் போகவிடாமல் உட்கார வைத்தார். சாயங்காலம் அனுப்பிவிட்டார். அப்படி என் கண் முன்னால் ஏழெட்டுப் பெண்கள். மடியில், தொட்டில் துணியில், பால் வாளியின் அடியில். ஒரு டின்னுக்குள் இருந்தால் ஒரு நாள் உட்கார வேண்டும். அதற்கு மேல் இருந்தால்தான் போலீஸ். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. நின்று பார்த்து நான் தெரிந்துகொண்டது.

ஆண்களின் சைக்கிள்களை ஒரு இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். காலிக் குழாய் கணீரென்று பேசும். உள்ளே ஏதாவது இருந்தால் ஊமையாகிவிடும். பந்தய நாளில் மட்டும் ஜாகாக்கள் தட்டமாட்டார்கள். அவர்களும் பந்தயப் பிரியர்கள். "போ லிங்கம், ஜெயிச்சிட்டு வா லா" என்று கம்பியாலேயே முதுகில் தட்டி அனுப்புவார்கள்.

ஐம்பத்து மூன்றில் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டுக்காக ஊரெல்லாம் விளையாட்டுப் போட்டிகள் வைத்தார்கள். பகாவ் பாசாரிலிருந்து கிளம்பிப் பதினெட்டு மைல் சுற்றி வருவதாக ஒரு சைக்கிள் பந்தயம். பாதி வழி காட்டோரம். அதற்குப் போலீஸ் அனுமதி வாங்கியது மீரா சாஹிப்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, உன் தம்பிக்கு இருக்கறது காலு இல்ல, எஞ்சினு. சிங்கப்பூர்ல என் மச்சான் கடை வெச்சிருக்காரு. பந்தயத்தப் பாக்க வர்றாரு. லிங்கம் ஜெயிச்சா அன்னிக்கே காடியில ஏத்திக்கிட்டுப் போயிடுவாரு. அங்க வேலையும் இருக்கு, நல்ல சைக்கிளும் இருக்கு."

"எத்தன நாளைக்கு பாய்?"

"நாளா?" அவர் சிரித்தார். "அவன் அங்கயே ஆளாகட்டும். இந்த வேலிக்குள்ள கெடந்து என்ன பண்றது?"

லிங்கம் என்னைப் பார்த்துச் சொன்னான். "மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்துருவேன்க்கா."

அவனுக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. அப்பா லாரியில் ஏறியபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் பிடிவாதம் அதிகமாகியிருக்கும். "சரிப்பா, ஜெயிச்சா போ" என்றேன். பந்தயத்துக்கு முதல் நாள் சார்ஜண்ட் என்னிடம், "நாளைக்குச் சீக்கிரம் வா, சட்டையை வெளுத்துப் போட்டுக்கோ" என்றார். அப்படிச் சொன்னால் பெரிய அதிகாரி வருகிறார் என்று அர்த்தம். பெரிய அதிகாரி வந்தால் பந்தய நாளானாலும் எல்லா சைக்கிளையும் தட்டுவார்கள்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். லிங்கம் குளிக்கப் பைப்படிக்குப் போயிருந்தான். சைக்கிள் வாசலில் தலைகீழாக நின்றது. அதை நிமிர்த்தி, அவனுடைய ஸ்பேனராலேயே சீட்டுக்குக் கீழே இருக்கும் நட்டைத் தளர்த்தினேன். சீட்டு கம்பியோடு மேலே வந்துவிட்டது. குழாய்க்குள் முதலில் ஒரு துணியைத் திணித்தேன். அரிசியைக் கொட்டினேன். மேலே இன்னொரு துணி. சீட்டை மாட்டி அவன் வைத்திருந்த உயரத்துக்கே சரியாக இறுக்கினேன். உயரம் மாறினால் அவனுக்கு முழங்கால் வலிக்கும். முக்கால் டின்னுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடித்தது. யாருடைய அரிசியையும் நான் எடுக்கவில்லை. அது என் பங்கு. அந்த வாரம் முழுவதும் நான் கிழங்குதான் தின்றேன்.

நான் யோசித்ததில் என்ன தப்பு என்று இப்போது கூட உங்களால் சட்டென்று சொல்ல முடியாது. ஒரு டின்னுக்குள் இருந்தால் ஒரு நாள் உட்கார வைப்பார்கள். அவன் உட்காருவான். பந்தயம் முடிந்துவிடும். சிங்கப்பூர்க்காரர் வேறு ஒருவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வருவான். நான் குழம்பு வைத்திருப்பேன். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். பிறகு சரியாகிவிடும்.

காலையில் ஐந்து பேர் சைக்கிளோடு வரிசையில் நின்றார்கள். லிங்கம் நான்காவது. அவனுக்கு முன்னால் சன்னாசி. இருவரும் ஒரே மரவரிசையில் பால் வெட்டுகிறவர்கள், எப்போதும் முதலிடத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள்.

"இன்னிக்கு என் பின் சக்கரத்தப் பாத்துக்கிட்டே வா, வழி தெரியும்" என்றான் சன்னாசி.

"பாத்துடா, உன் சக்கரத்த முந்திக்கிட்டு நான் போறப்ப காத்துல விழுந்துறாத."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரும் என்னவென்று கேட்டார். பக்கத்தில் மொழிபெயர்ப்புக்காக நின்ற கிராணி மணியம் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டேதான் தட்டினார். சன்னாசியின் சைக்கிள் கணீரென்றது. லிங்கத்தின் சைக்கிள் ஊமையாக இருந்தது. மறுபடியும் தட்டினார். சிரிப்பு நின்றது.

சீட்டைப் பிடுங்கினார்கள். மேலே இருந்த துணியைக் கம்பியால் கொக்கி போட்டு இழுத்தார்கள். ஒரு பழைய பேப்பரை விரித்துச் சைக்கிளைக் கவிழ்த்தார்கள். அரிசி விழுகிற சத்தம் மழை ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் யோசித்தவள் துணியை மட்டும் யோசிக்கவில்லை. ஐம்பத்தொன்றில் லிங்கம் முதல்முறை ஜெயித்தபோது பரிசாகக் கொண்டு வந்தது மூன்று கெஜம் சீட்டித் துணி. மஞ்சளில் பச்சைப் பூ. அதில் நான் ரவிக்கை தைத்துக்கொண்டேன். மிச்சத் துண்டு தையல் டப்பாவில் கிடந்தது. அவசரத்தில் கைக்கு வந்தது அதுதான். லிங்கம் பேப்பரில் கிடந்த அந்தத் துண்டைப் பார்த்தான். பிறகு கேட்டின் மறுபக்கம் காக்கிச் சட்டையோடு நின்ற என்னைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் வெச்சேன்" என்றான். "வேற யாருக்கும் தெரியாது. எங்கக்காவுக்கும் தெரியாது."

கிராணியார் அதை இங்கிலீஷில் சொல்வதற்கு முன் அவனிடம், "டேய், யோசிச்சுச் சொல்றா" என்றார். அவன் மறுபடியும் அதையே சொன்னான்.

நான் அங்கேதான் நின்றேன். கோழிகள் கூட இருந்தன. அரிசியைக் கோழிக்குப் போடச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் பேப்பரை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். லிங்கத்தின் கையில் விலங்கு போட்டு லாரியில் ஏற்றினார்கள்.

என் தவறு என்னவென்று அப்புறம் கிராணியார்தான் விளங்க வைத்தார். பொம்பளையின் கொண்டையில் அரிசி இருந்தால் அது பசி. சைக்கிள் குழாய்க்குள் இருந்தால் அது திட்டம். அதிலும் காட்டோரமாகப் பதினெட்டு மைல் தனியாகப் போகப் போகிறவனின் குழாய்க்குள் இருந்தால் அது கம்யூனிஸ்டுக்குப் போகிற அரிசி. அளவைப் பார்க்கமாட்டார்கள், இடத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பெண்களை மட்டும் சோதித்தவள். எனக்கு அது தெரியவில்லை.

பந்தயம் நடந்தது. சன்னாசி ஜெயித்தான். உங்கள் தாளில் அது சரியாக இருக்கிறது. ஆனால் அவன் சிங்கப்பூர் போகவில்லை. அன்று சாயங்காலம் நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கோப்பை அவன் கையில் இருந்தது. லயத்து ஜனம் பூராவும் வெளியே வந்து நின்றது.

"அக்கா, இது லிங்கத்தோடது. அவன் வந்தா குடுங்க. அவன் இல்லாத பந்தயம் பந்தயமே இல்லக்கா."

நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கையையும் நீட்டவில்லை. அவனைப் பார்த்தபடி நின்றேன். அவ்வளவுதான். மற்றதை ஜனங்களே பேசிக்கொண்டார்கள்.

"ஜெயிக்கறதுக்காக அவன் சைக்கிள்ல அரிசிய வெப்பியாடா?" என்றது ஒரு குரல்.

"ஐயோ, நான் எதுக்குடா செய்யப் போறேன்? அக்கா, நீங்க சொல்லுங்கக்கா."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அவனோடு யாரும் சேர்ந்து பால் வெட்டவில்லை. அவன் வீட்டுத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. இரண்டு மாதத்தில் தாயையும் அழைத்துக்கொண்டு லாபு பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டான். அவன் பிறகு சைக்கிள் ஓட்டவில்லை என்று கேள்வி. அதையும் நீங்கள் கேட்டிருந்தீர்கள்.

மூன்றாம் நாள் பகாவ் போலீஸ் ஸ்டேஷனில் லிங்கத்தைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து மெதுவாகப் பேசினான்.

"அக்கா, துணியப் பாத்ததும் புரிஞ்சுக்கிட்டேன். நீ பயப்படாத. நான் எல்லாத்தயும் ஏத்துக்கிட்டேன்."

நான் கம்பிக்கு இன்னும் கிட்டே போனேன். அவனே மேலே பேசினான்.

"எத்தன நாளா அந்த ஆளுங்களுக்கு அரிசி குடுத்து விடற? பயமுறுத்தினாங்களா? சரி, சொல்ல வேணாம். செவுத்துக்கும் காது இருக்கு. நீ கேட்டுல வேல பாக்கறவ. உன்னப் புடிச்சா தூக்குலகூடப் போடுவாங்கக்கா. நான் ஆம்பள, தாங்கிக்குவேன். இனிமே மட்டும் குடுக்காத. என்ன?"

காட்டு ஆட்களுக்கு நான் அரிசி அனுப்புகிறேன் என்று நினைத்திருந்தான். அவனுக்குத் தெரியாமல் அவன் சைக்கிளில் வைத்து அனுப்பினேன் என்று நினைத்தும், என்மேல் அவனுக்குக் கோபமில்லை. நான் பயந்திருப்பேனே என்றுதான் அவனுக்குக் கவலை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் போலீஸ் இருந்தது. இரண்டே வாக்கியம் போதும்.

"குடுக்க மாட்டேன்பா" என்றேன்.

வழக்கு இல்லை, விசாரணை இல்லை. தடுப்பு முகாமில் அடைத்தார்கள். கடலோரத்தில் இருந்தது. மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். கேட் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டுப் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு மாதமும் போனேன். பஸ்ஸில் போக ஒரு பகல், வர ஒரு பகல். சோறு கொண்டு போகக் கூடாது. சட்டை தைத்துக்கொண்டு போவேன். முள்கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். கால் மணி நேரம் பேசுவோம். "ராத்திரி கொசு கடிக்குதாப்பா?" "இல்லக்கா." "இளைச்சிட்டியே." "ஓட்டாம கெடக்கேன்ல, கால்தான் சின்னதாப் போச்சு." அவன் எங்கே இருக்கிறான், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், எத்தனை மணிக்குப் படுக்கிறான் எல்லாம் எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எனக்கு அந்த எட்டு மாதம் நிம்மதியாக இருந்தது.

நான்காவது மாதம் கிராணி மணியம் என்னைத் தேடி மரத்தடிக்கே வந்தார்.

"பஞ்சாலை, முகாம் கமிட்டிக்காரங்க லிங்கத்தோட கேஸ எடுத்துப் பாக்கறாங்க. பையன் மேல அவங்களுக்கும் பரிதாபம் இருக்கு. வேற யாராச்சும் வெச்சிருக்கலாம்னு ஒரு சின்ன ஆதாரம் கெடைச்சாக்கூட விட்டுருவாங்க. உனக்கு ஏதாவது தெரியுமாம்மா? எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லு, நான் எழுதித் தர்றேன்."

நான் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே கேட்டேன். "வெளிய வந்தா இங்கதானே இருப்பான் ஐயா?"

"இங்க எதுக்கு இருக்கணும்? மீரா சாஹிப் இன்னும் அவனுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு. நேரா சிங்கப்பூருக்கு அனுப்பிடலாம். அவனுக்கும் அதான் நல்லது."

கடைசி வாளி நிரம்பும் வரைக்கும் யோசித்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்றேன்.

ஜெயிலுக்குப் பயந்து சொல்லவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். பல வருடம் நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெயிலுக்கு நான் பயப்படவில்லை. நான் ஜெயிலில் இருந்தால் அவன் என்னைப் பார்க்க வருவான் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து எத்தனை தடவை வருவான்?

எட்டாவது மாதம் நாடு கடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அவன் இந்த நாட்டில் பிறந்தவன் இல்லை என்பதை லயத்தில் எல்லோரும் மறந்துவிட்டோம். காகிதம் மறக்கவில்லை. பிறந்து நாற்பதாம் நாள் விட்டு வந்த ஊருக்கு, ஒருவரையும் தெரியாத ஊருக்கு அவனை அனுப்பினார்கள். மனைவி மக்கள் இருந்தால் கூடப் போகலாமாம். அக்காவுக்கு இடமில்லை என்று சொன்னார்கள். நான் கேட்டுப் பார்த்தேன்.

கப்பலடியில் பத்து நிமிடம் விட்டார்கள். என்னவெல்லாமோ பேசினோம். கடைசியில் அவன் ஒன்று கேட்டான்.

"அக்கா, அந்தப் பந்தயத்துல யாரு ஜெயிச்சா?"

அதுவரைக்கும் அவன் அதைக் கேட்டதில்லை. சன்னாசி என்று சொன்னால், அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பான். ஊர் அவனைத் தள்ளி வைத்ததைச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான்.

"பந்தயம் நடக்கலப்பா. உன்னப் புடிச்சதும் நிறுத்திட்டாங்க."

அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. சிரித்தான் என்பது சத்தத்தில் ஞாபகம் இருக்கிறது. "அப்ப நான் தோக்கல" என்றான்.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் வாடகைக் கடையில் வேலை கிடைத்ததாக முதல் கடிதம் போட்டான். தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஜனங்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், மற்றபடி சௌக்கியம் என்று எழுதியிருந்தான். அடுத்த கடிதத்தில், காட்டு ஆட்களோடு சகவாசம் வேண்டாம் என்று மறுபடியும் ஞாபகப்படுத்தியிருந்தான். அவற்றுக்குப் பதில் போட்டேன். மூன்றாவது கடிதம் ஒரு வருடம் கழித்து வந்தது. அதில் சௌக்கியம் விசாரிப்பு இல்லை. எனக்கு மனப்பாடம்.

"அக்கா, சன்னாசி என் விலாசம் தேடிப் பிடித்து எழுதியிருந்தான். பந்தயம் நடந்ததாம். அவன்தான் ஜெயித்தானாம். கோப்பையை உன்னிடம் கொண்டு வந்தானாம். அரிசி வைத்தது அவன் என்று ஊரே சொன்னபோது நீ சும்மா நின்றாயாம். பந்தயம் நடக்கவில்லை என்று என்னிடம் ஏன் சொன்னாய்? காட்டு ஆட்களுக்கு நீ அரிசி கொடுத்தாயா, இல்லையா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது."

தபாலட்டை வாங்கினேன். பேனாவை எடுத்து அவன் பெயரை எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை. பொய் எழுத எனக்குத் தெரியும். ஆனால் அவன் நம்பமாட்டான் என்று தெரிந்த பிறகு எழுத வரவில்லை. அவனும் அதற்குப் பிறகு எழுதவில்லை. பதினேழு வருடம் கழித்து அவன் மகன் ஒரு கடிதம் போட்டான். அப்பா காலமாகிவிட்டார் என்று இருந்தது. அத்தை என்று என்னை அழைத்திருந்தான். எனக்கு ஒரு மருமகன் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அமிர்தலிங்கம் அரிசி கடத்தவில்லை. சன்னாசி துரோகம் செய்யவில்லை. அரிசி என்னுடையது, வைத்தது நான், காப்பாற்றக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டதும் நான்தான். என் பெயரை முழுதாகவே போடுங்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. தப்பு என்றும் தெரியும்.

ஆனால் ஒன்று, அவனாகப் போகவில்லை. பிடித்துத்தான் அனுப்பினார்கள். என் தம்பி என்னை விட்டுவிட்டுப் போனான் என்று இந்த ஊரில் ஒருத்தரும் சொல்ல முடியாது.